போத்தல் தேட வேண்டாம்: நம்ம கடற்கரைப் பாரையில் தெரியாக்கி, முழு வழிகாட்டி

தெரியாக்கி என்பது சோயா சோஸும் இனிப்பும் சேர்ந்த சோஸை மீனிலோ கோழியிலோ பளபளக்க ஏற்றும் ஜப்பான் சமையல். தெரியாக்கி மீன் என்றவுடனே எல்லாரும் முதலில் தேடுவது கடையில் விற்கும் அந்தக் கறுத்த தெரியாக்கிச் சோஸ் போத்தலைத்தான். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அது கண்ணில் படாவிட்டால், "கொழும்பில இருந்து ஆரும் வந்தா சொல்லி விடுவம்" என்று அந்த ஆசையையே ஒத்திப் போட்டுவிடுகிறோம். அப்படி ஒத்திப் போடத் தேவையே இல்லை. இந்தச் சமையலில் சோஸ் பாதி வேலைகூடக் கிடையாது. மீனை எவ்வளவு உலர்த்தினீர்கள், சட்டியில் எவ்வளவு நேரம் கை வைக்காமல் விட்டீர்கள், சோஸை எந்த நேரத்தில் ஊற்றினீர்கள் என்ற மூன்றும்தான் விஷயம். இவை சரியாக வந்தால், கடைத்தெருவில் வாங்கிய சாதாரணச் சோயா சோஸும் வீட்டுச் சீனியும் போதும், மீன் கண்ணாடி மாதிரி மின்னும்.

நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுச் செய்முறைகளைப் பார்த்தால் சால்மன் சால்மன் என்றே எழுதியிருப்பார்கள். ஆனால் ஜப்பான் வீடுகளில் தெரியாக்கிக்குப் பேர்போன மீன் 'புரி'. குளிர்காலத்தில் கொழுப்பு ஏறி வரும் அந்த மீன் நம்முடைய பாரையின் குடும்பத்தைச் சேர்ந்தது. கொழுப்பு நம்ம பாரையில் அதைவிடக் குறைவு, ஆனால் சதையின் இறுக்கமும் அது பெரிய இதழ்களாகப் பிரியும் விதமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் வாழைச்சேனையிலோ சாய்ந்தமருதிலோ கரைக்கு வந்த ஒரு நல்ல பாரை கிடைத்தால், விமானத்தில் வந்த உறைந்த சால்மனைவிட அது இந்தச் சமையலுக்கு நெருக்கமானது என்று துணிந்து சொல்வேன்.

எந்த மீன், எப்படி வெட்டச் சொல்வது

பாரைக்கு அடுத்து அறக்குளா. விலை கூட என்றாலும் முள் தொல்லை குறைவு, பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நல்லது. சூரையிலும் செய்யலாம், ஆனால் அது சட்டியில் சீக்கிரமே வறண்டு போகும், கண் எடுக்காமல் நிற்க வேண்டும். தளபத்தும் அப்படித்தான். விளைமீன், வாவியில் பிடிபடும் கொடுவா இரண்டும் மென்மையான வெள்ளைச் சதை, புரட்டும்போது கொஞ்சம் பொறுமை கேட்கும். உன்னிச்சைக் குளத்திலிருந்தும் அம்பாறைப் பக்கம் சேனாநாயக்க சமுத்திரத்திலிருந்தும் வரும் திலாப்பியாவில் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் தாராளமாகச் செய்யுங்கள், அதற்கு மட்டும் ஒரு வேலை கூடுதல், கீழே சொல்கிறேன். சுறா, திருக்கை வேண்டாம். அவற்றின் சதையில் இயல்பாகவே யூரியா இருக்கிறது, அது உடைந்து அமோனியா மணம் வரும். நம்ம சுறாப் புட்டுக்கு அவித்து, உதிர்த்து, மசாலா போட்டு அந்த மணத்தைச் சரிக்கட்டிவிடலாம், இந்த இனிப்புச் சோஸுக்குள் அது ஒளியாது. நெத்தலி, சூடை, காரல் எல்லாம் பொரியலுக்கே விட்டுவிடுங்கள்.

கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று அடித்துக் கடல் கொந்தளிக்கும் காலத்தில் பெரிய கடல்மீன் குறைந்து விலையும் ஏறும், அப்போது வாவி மீனுக்கும் குளத்து மீனுக்கும் போவதுதான் புத்தி. கச்சான் அடிக்கும் மாதங்களில் வேறு பிரச்சினை. மீன் நிறைய வரும், ஆனால் அந்த வெக்கையில் மோட்டார் சைக்கிள் பெட்டியில் ஐஸ் இல்லாமல் ஊர் சுற்றிய மீன் பகல் பதினொரு மணிக்கு வாசலுக்கு வந்தால் வாங்காதீர்கள். கண் தெளிவாக மேலெழும்பி இருக்கிறதா, செவுள் சிவப்பாக இருக்கிறதா, விரலால் அழுத்தினால் குழி மீண்டும் நிரம்புகிறதா என்று பார்ப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். சூரை, அறக்குளா, கும்பளா வகைகளுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இவை வெக்கையில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் உண்டாகும். அது சமைத்தாலும் அழியாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, வாய் சுணைத்து, தலையிடியும் தடிப்பும் வருவது அதனால்தான். இனிப்புச் சோஸ் போட்டால் பழுதான மீனின் ருசி மறைந்துவிடும், ஆபத்து மறையாது. ஆகவே வாங்கியவுடன் வீடு, வீட்டுக்கு வந்தவுடன் பிரிட்ஜ், அதுவும் 4 பாகை செல்சியஸுக்குக் கீழே.

வெட்டும் இடத்தில்தான் பாதிச் சமையல் நடக்கிறது. சந்தையில் ஒன்றும் சொல்லாமல் நின்றால் கறிக்கு வெட்டுவதுபோல் சதுரமாகவோ, பொரியலுக்கு வெட்டுவதுபோல் மெல்லிசாகவோ வெட்டித் தந்துவிடுவார்கள். மெல்லிய துண்டு இதற்கு ஆகாது. வெளியே நிறம் வரும் முன்னரே உள்ளே வெந்து காய்ந்துவிடும். "அண்ணன், பெருவிரல் தடிப்புக்கு வெட்டுங்க, தோலை எடுக்காதீங்க" என்று முதலே சொல்லுங்கள், கல்முனைப் பக்கம் என்றால் "காக்கா" என்று கூப்பிட்டுச் சொல்லுங்கள். 2 முதல் 2.5 சென்ரிமீற்றர் தடிப்பு நல்ல அளவு. அறக்குளா என்றால் நடுமுள்ளோடு வட்டத் துண்டு சரி. பாரை பெரிதாக இருந்தால் நடுமுள்ளை நீக்கி இரண்டு பக்கச் சதையையும் தனியாக எடுத்து, அதைக் குறுக்காகத் துண்டு போடச் சொல்லலாம், ஜப்பானில் செய்வதும் அப்படித்தான். சூரை என்றால் நடுவில் ஓடும் கறுத்த சதையை எடுத்துவிடுங்கள். அதை வீசத் தேவையில்லை, புளி போட்டு அவியல் ஆக்கலாம், இங்கே மட்டும் வேண்டாம்.

சாமான்கள்

நான்கு பேருக்கு நான்கு துண்டு, மொத்தம் 500 முதல் 600 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மீனுக்கு அரைத் தேக்கரண்டி உப்பு, 2 மேசைக்கரண்டி கோதுமை மா, பொரிக்க 1 முதல் ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய். கோதுமை மா ஒத்துக்கொள்ளாதவர்கள் சோளமாவோ அரிசி மாவோ எடுக்கலாம், ஆனால் அவர்கள் சோயா சோஸ் போத்தலையும் திருப்பிப் பார்க்க வேண்டும், பெரும்பாலான சோயா சோஸில் கோதுமை இருக்கிறது.

சோஸுக்கு ஜப்பான் வழக்கம் நான்கே நான்கு பொருள்: சோயா சோஸ், மிரின் என்ற இனிப்பான அரிசி மது, சாக்கே என்ற அரிசி மது, சீனி. அவர்கள் வீட்டுக் கணக்கு ஏறக்குறைய சோயா சோஸ் 3 மேசைக்கரண்டி, மிரின் 3, சாக்கே 3, சீனி 1. பூண்டு, அன்னாசி, எள்ளெண்ணெய், கெட்டியாக்கும் மா எல்லாம் பிற்பாடு ஹவாய்க்கும் அமெரிக்காவுக்கும் குடியேறியவர்கள் கையில் சேர்ந்தவை. 1976-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தொஷி கசஹாரா என்பவர் திறந்த சின்னக் கடையிலிருந்து அந்த நகரத்துப் பாணி பெரிதாகப் பரவியது. போத்தலில் வரும் தடித்த சோஸ்கள் அநேகமாக இந்த அமெரிக்க வழியைச் சேர்ந்தவை. கோழிக்கு அது நன்றாக இருக்கும். புது மீனுக்கு நான்கு பொருளின் எளிமைதான் அழகு என்பது என் உறுதியான எண்ணம்.

நம்ம பக்கத்தில் மது சேர்க்காத வீடுகள்தான் அதிகம். காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று சொல்லிக்கொண்டே போகலாம், தமிழ் வீடுகளிலும் பலர் விரும்ப மாட்டார்கள். உண்மையான மிரினில் ஏறக்குறைய 14 வீதம் மதுசாரம் இருக்கிறது, கொதிக்க வைத்தாலும் முழுவதும் போய்விடும் என்று சொல்ல முடியாது. ஆகவே அதை முழுதாக விட்டுவிட்டு இந்த அளவில் செய்யுங்கள், இதைத்தான் இந்த வழிகாட்டியில் பின்பற்றப் போகிறேன்:

சோயா சோஸ் 3 மேசைக்கரண்டி, தண்ணீர் 4 மேசைக்கரண்டி, சீனி 2 மேசைக்கரண்டி, இஞ்சிச் சாறு 1 தேக்கரண்டி, தேசிப்புளி 1 தேக்கரண்டி.

மிரின் தருவது இனிப்பும் மினுக்கமும், அதைக் கூடுதல் சீனி பார்த்துக்கொள்ளும். சாக்கே செய்வது மீன் மணத்தைத் தணிக்கும் வேலை, அதை இஞ்சியும் தேசிக்காயும் பார்த்துக்கொள்ளும். ஹலால் விஷயத்தில் கவனமாக இருப்பவர்களுக்கு இன்னொன்று: இயற்கையாகப் புளிக்க வைத்த சோயா சோஸில் புளிக்கும்போதே சிறிதளவு மதுசாரம் உண்டாகிறது, எனவே போத்தலில் ஹலால் முத்திரை இருப்பதை வாங்கினால் மனம் நிம்மதி.

சோயா சோஸைப் பற்றிக் கொஞ்சம். கடையில் இரண்டு மூன்று விதம் நிற்கும். கறுப்பாய்ப் பாகு மாதிரி ஓடுவதில் கரமல் நிறமும் இனிப்பும் சேர்த்திருப்பார்கள், அதை எடுத்தால் மீன் தார் பூசினதுபோல் ஆகிவிடும். லேபிளில் சோயா அவரை, கோதுமை, உப்பு, தண்ணீர் என்று சுருக்கமாக இருப்பது நல்லது. கிக்கோமன் என்ற ஜப்பான் சோயா சோஸ் கிடைத்தால் எடுங்கள், கிடைக்காவிட்டால் உள்ளூர்ப் போத்தலில் தண்ணீராய் ஓடும் வகையை எடுங்கள். எதுவானாலும் முதலில் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்பு கடுமையாக இருந்தால் 3 கரண்டியை இரண்டரையாகக் குறைத்து அந்த இடத்தில் தண்ணீர் சேருங்கள். பிரஷர் உள்ளவர்களும் சீனி வருத்தம் உள்ளவர்களும் இதைக் கவனிக்க வேண்டும், இந்தச் சோஸ் உப்பும் சீனியும் செறிந்த ஒன்று. அவர்களுக்கு மீனின் மேல் ஒரு கரண்டியோடு நிறுத்திவிட்டு, மிச்சத்தைச் சட்டியிலேயே விட்டுவிடலாம்.

சீனிக்குப் பதில் தேன், பனங்கட்டி, கித்துள் பாணி போடலாமா என்று கேட்பார்கள். மீன்பாடும் தேன்நாட்டில் இருந்துகொண்டு தேன் போடாதே என்று எப்படிச் சொல்வது! போடலாம், மினுக்கம் இன்னும் கூடும். ஆனால் தேன் சீனியைவிடக் குறைந்த சூட்டிலேயே நிறம் மாறிக் கருகத் தொடங்கும், அதனால் பாதிச் சீனியோடு சோஸைக் காய்ச்சி, இறக்கும் நேரத்தில் ஒரு மேசைக்கரண்டி தேன் விடுங்கள். பனங்கட்டி நல்ல ஆழமான ருசி தரும், ஆனால் மீனை மிஞ்சி நிற்கும். சூரைக்குப் பரவாயில்லை, விளைமீனுக்கு வேண்டாம்.

மீனைத் தயார் செய்வது

மஞ்சள், உப்பு, புளி போட்டு அலசி ஈரத்தோடு மசாலா பிரட்டித் தாச்சிக்குள் போட்டுத்தான் நமக்குப் பழக்கம். இங்கே அந்தப் பழக்கத்தைக் கொஞ்ச நேரம் மறக்க வேண்டும். ஈரம்தான் எதிரி. மீனின் மேலே தண்ணீர் நின்றால், சட்டியின் சூடு முதலில் அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும், மீன் பொரியாது, அவியும், ஒட்டும், பிய்யும்.

துண்டுகளை ஒருமுறை ஓடும் தண்ணீரில் கழுவி இரத்தக் கறையை எடுத்துவிட்டுத் தட்டில் பரப்புங்கள். இரண்டு பக்கமும் உப்பைத் தூவி 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். உப்பு உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கும், மேலே சின்னச் சின்னத் துளிகளாக நிற்பதைக் காணலாம். மீன் மணம் தருகிற பொருள்களில் ஒரு பங்கு அந்த நீரோடுதான் வெளியே வருகிறது. சதையும் இறுகி, புரட்டும்போது உடையாது. அப்புறம் அந்த நீரைத் தட்டோடு கொட்டிவிட்டு, சமையலறைத் தாளாலோ சுத்தமான பருத்தித் துணியாலோ ஒவ்வொரு துண்டையும் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். தோல் பக்கத்தை இரண்டு தரம் ஒற்றுங்கள். உப்பு மேலே தங்கியிருக்கும் என்ற பயம் இருந்தால் ஒற்றுவதற்கு முன் ஒரு நொடி தண்ணீரில் காட்டி எடுக்கலாம், ஆனால் திரும்பவும் நன்றாக ஒற்ற வேண்டும்.

திலாப்பியாவுக்குச் சொன்ன கூடுதல் வேலை இதுதான். குளத்து மீனில் சேற்று மணம் இருக்கும், அது புளிப்பில் குறையும். உப்புப் போடுவதற்கு முன் அரைத் தேசிக்காயைப் பிழிந்து, பிரட்டி, ஐந்து நிமிடத்தில் கழுவிவிடுங்கள். அதற்கு மேல் ஊறவிட்டால் சதையின் மேற்பரப்பு புளியில் வெந்ததுபோல் வெளிறி, மாவாகப் போய்விடும். பாரை, அறக்குளா புதிதாக இருந்தால் இந்த வேலை தேவையில்லை.

தோல் தடிப்பாக இருந்தால் கத்தி நுனியால் இரண்டு கீறல் போடுங்கள். இல்லாவிட்டால் சூட்டில் தோல் சுருங்கித் துண்டு வளைந்து, நடுப்பகுதி சட்டியைத் தொடாமல் நிற்கும்.

சோஸ் சாமான் ஐந்தையும் ஒரு கோப்பையில் ஊற்றி, சீனி கரையும்வரை கலக்கி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். அடுப்பு மூட்டிய பிறகு இஞ்சி சீவ நேரம் கிடைக்காது.

கடைசியாக மா. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள். சோஸ் மீனில் பிடித்து நிற்பதற்கு இந்த மெல்லிய மாதான் காரணம், கூடவே சோஸையும் கொஞ்சம் கெட்டியாக்கும். சட்டி சூடேறிக்கொண்டிருக்கும்போது துண்டுகளை மாவில் தொட்டு, எல்லாப் பக்கமும் படிந்ததும் தட்டி உதறுங்கள். மீனின் நிறம் மாவுக்குள்ளால் தெரிய வேண்டும், வெள்ளையாக மூடிவிடக் கூடாது. மா பிரட்டி வைத்துவிட்டுப் போன் பேசப் போனால் அது ஈரத்தை இழுத்துப் பசையாகிவிடும். பிரட்டினால் உடனே சட்டிக்கு.

சட்டியில்

தட்டையான சட்டிதான் வேண்டும். குழிந்த தாச்சியில் துண்டின் நடுமட்டும் சூடு தொடும். நொன்ஸ்டிக் பிரைபான் இருந்தால் சுலபம். இல்லாவிட்டால் நன்றாக எண்ணெய் பழகிய இரும்புத் தோசைக்கல், ஆனால் அதன் விளிம்பு சோஸ் நிற்கும் உயரத்துக்கு இருக்க வேண்டும். மெல்லிய அலுமினியச் சட்டியில் சீனி ஒரு புள்ளியில் கருகிவிடும், அதைத் தவிருங்கள்.

எண்ணெயில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: இந்தச் சமையலுக்கு மட்டும் தேங்காயெண்ணெய் வேண்டாம். நம்ம சமையலுக்கு அதுதான் உயிர், ஆனால் அதன் மணம் சோயா சோஸின் மணத்தோடு மல்லுக்கு நிற்கும். சூரியகாந்தி எண்ணெய் அல்லது மணமில்லாத வேறு எண்ணெய் போதும்.

நடுத்தரத் தீயில் சட்டியைச் சூடாக்கி எண்ணெய் விடுங்கள். எண்ணெய் தண்ணீர் மாதிரி ஓடி, ஒரு சிட்டிகை மா போட்டால் உடனே சீறிப் பொரிந்தால் சரி. புகை வந்தால் கூடிவிட்டது, தீயைக் குறைத்து கொஞ்சம் ஆறவிடுங்கள். தோல் பக்கம் கீழே வருமாறு துண்டுகளை வையுங்கள், துண்டுக்குத் துண்டு ஒரு விரல் இடைவெளி விட்டு. நான்கும் நெருக்கமாக வந்தால் இரண்டிரண்டாகச் செய்யுங்கள், நெருக்கிப் போட்டால் ஆவி வெளியே போக இடமில்லாமல் மீன் அவிந்துவிடும். வைத்ததும் தட்டகப்பையால் ஒவ்வொன்றையும் பத்து விநாடி மெதுவாக அழுத்திப் பிடியுங்கள்.

அப்புறம் கை வைக்காதீர்கள். மூன்று, நான்கு நிமிடம். எல்லாரும் சறுக்குவது இந்த இடத்தில்தான், அடியில் பிடித்துவிடுமோ என்று பயந்து ஒரு நிமிடத்திலேயே கிளறிப் பார்ப்பார்கள். ஆரம்பத்தில் மீன் சட்டியோடு ஒட்டத்தான் செய்யும். மேல்தோல் பொன்னிறமாக மொறுமொறுத்ததும் தானாகவே விட்டுக்கொடுக்கும். ஓரத்தை மெல்லத் தூக்கிப் பாருங்கள், வராவிட்டால் இன்னும் அரை நிமிடம் விடுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் சதை கீழிருந்து மேலே வெள்ளையாக மாறிக்கொண்டு வருவது தெரியும். அந்த வெள்ளை பாதியைத் தாண்டியதும் புரட்டும் நேரம்.

புரட்டியபின் இரண்டு நிமிடம் போதும். முழுதாக வேக விட வேண்டாம், சோஸுக்குள் இன்னும் ஒரு நிமிடத்துக்கு மேல் கிடக்கப் போகிறது. நாம் பொரியல் மீனைக் காய்ந்து கறுக்கும்வரை விட்டுப் பழகியவர்கள், அதனால் இந்த இடத்தில் "இன்னும் பச்சையா இருக்குமோ" என்று மனம் இழுக்கும். நம்பி எடுங்கள். கடைசியில் உட்சூடு 63 பாகை செல்சியஸைத் தொட்டால் மீன் வெந்துவிட்டது. வெப்பமானி இல்லாவிட்டால் தடித்த துண்டு ஒன்றின் நடுவில் முள்ளுக்கரண்டியால் குத்தி மெல்லத் திருப்பினால் சதை இதழ் இதழாகப் பிரிய வேண்டும், நடுவில் கண்ணாடிபோல் ஊடுதெரியும் சதை இருக்கக் கூடாது.

மீனைத் தட்டுக்கு எடுத்துவிட்டு, அடுப்பை அணைத்து, சட்டியில் மிச்சமிருக்கும் எண்ணெயையும் கருகிய மாத்துகளையும் தாளால் துடைத்துவிடுங்கள். இந்த எண்ணெயில்தான் மீன் மணம் முழுவதும் கரைந்திருக்கிறது. அதோடு எண்ணெய் மிதந்தால் சோஸ் மீனில் பிடிக்காமல் வழுக்கி ஓடும்.

சோஸ் பதம்

துடைத்த சட்டியைத் திரும்ப நடுத்தரத் தீயில் வைத்து, கோப்பையில் கலந்து வைத்த சோஸை ஊற்றுங்கள். ஜப்பான் வீடுகளில் மீனைச் சட்டியிலேயே விட்டுத்தான் ஊற்றுவார்கள். நம்ம சோஸில் தண்ணீர் கூட என்பதால் வற்றக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அதற்குள் மீன் வறண்டுவிடும், அதனால்தான் வெளியே எடுக்கச் சொன்னேன்.

முதலில் சின்னக் குமிழிகள் வேகமாக வெடிக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் குமிழிகள் பெரிதாகி, மினுமினுத்து, மெதுவாக வெடிக்கத் தொடங்கும். அளவும் பாதியாகியிருக்கும். அகப்பையால் சட்டியின் நடுவில் ஒரு கோடு இழுத்தால் அது உடனே மூடாமல் ஒரு கணம் நின்று மூட வேண்டும். அந்த நேரம் தீயைக் குறைத்து மீனைத் திரும்பச் சோஸுக்குள் வையுங்கள், தட்டில் ஊறி நிற்கும் நீரை ஊற்ற வேண்டாம். சட்டியைக் கொஞ்சம் சரித்துப் பிடித்து, ஒரு பக்கம் திரளும் சோஸைக் கரண்டியால் அள்ளி அள்ளி மீனின் மேலே விடுங்கள். ஒருமுறை புரட்டி மற்றப் பக்கமும் அதே மாதிரி. ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் ஒவ்வொரு துண்டிலும் ஒரு மெல்லிய பளபளப்பு ஏறி நிற்கும்.

சோஸ் சட்டியில் தேன் மாதிரிக் கெட்டியாகும்வரை காத்திருக்காதீர்கள். ஆறும்போது அது இன்னும் கெட்டியாகும். சட்டியில் சற்று இளக்கமாகத் தெரிவது தட்டில் சரியாக இருக்கும். கேஸ் அடுப்பு என்றால் தீயைக் குறைப்பது சுலபம். விறகடுப்பு என்றால் சோஸ் ஊற்றுவதற்கு முன்னரே கொள்ளிகளை வெளியே இழுத்துத் தணலோடு விடுங்கள், சீனி கருகத் தொடங்கினால் அதை நிறுத்த உங்களுக்குச் சில விநாடிகள்தான் இருக்கும்.

ஏதாவது பிசகினால்

சோஸ் வற்றாமல் தண்ணீராகவே நின்றால், மீனை எடுத்துவிட்டுத் தீயைக் கூட்டி ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். அவசரத்தில் சோளமா கரைத்து ஊற்ற வேண்டாம், மினுக்கம் போய்ப் பசை மாதிரி மங்கிவிடும். பாகாகி நூல் இழுத்தால் ஒரு மேசைக்கரண்டி சுடுதண்ணீர் விட்டுச் சட்டியை ஆட்டுங்கள், இளகிவிடும். உப்புக் கரித்தால் தண்ணீரும் கொஞ்சம் சீனியும், இனிப்புத் திகட்டினால் சில சொட்டுத் தேசிப்புளி. கருகிக் கசந்துவிட்டால் மட்டும் மருந்தில்லை, சோஸை ஊற்றிவிட்டுச் சட்டியைக் கழுவிப் புதிதாக வையுங்கள். மீன் தட்டில் பத்திரமாக இருப்பதால் நட்டம் ஒரு கோப்பைச் சோஸ் மட்டும்தான்.

புரட்டும்போது துண்டு உடைந்துவிட்டால் பதற வேண்டாம். உடைந்ததைச் சோஸில் பிரட்டிச் சுடுசோற்றின் மேலே பரப்பினால் அதுவும் ஒரு நல்ல கோப்பைச் சோறு.

எதோடு சாப்பிடுவது

வெறும் வெள்ளைச் சோறு. ஜப்பான் அரிசி குட்டையாய்ப் பசைப்பிடிப்பாக இருக்கும். நம்ம கீரிச்சம்பா அந்த ஒட்டலைத் தராது, ஆனாலும் சின்ன மணியாக, மணமாக, இந்தச் சோஸை நன்றாக ஏந்தும். வழமையைவிடக் கொஞ்சம் குழைய விட்டால் இன்னும் பொருந்தும். சிவப்பு நாட்டரிசியிலும் சாப்பிடலாம், அதன் தனி ருசி முன்னுக்கு வரும், அவ்வளவுதான். சொதியும் பருப்புக் கறியும் இந்த ஒரு நாள் ஓய்வெடுக்கட்டும், சொதி ஊற்றினால் பாடுபட்டு ஏற்றிய பளபளப்பு கரைந்துபோய்விடும்.

பக்கத்தில் புளிப்பாகவோ காரமாகவோ குளிர்ச்சியாகவோ ஒன்று வேண்டும். முள்ளங்கியைத் துருவி, நீரை லேசாகப் பிழிந்து, ஒரு குவியலாக வைப்பது ஜப்பான் வழக்கம், இங்கேயும் அது சுலபம். இல்லாவிட்டால் பிஞ்சு வெள்ளரிக்காயை மெல்லிசாகச் சீவி, உப்பில் பிசறிப் பிழிந்து, வினாகிரியும் ஒரு சிட்டிகைச் சீனியும் சேர்த்துக் கால் மணிநேரம் வையுங்கள். கத்தரிக்காய் இருந்தால் கட்டாயம் சேருங்கள். நீளவாக்கில் வெட்டி மீன் பொரிக்கும் முன் அதே சட்டியில் வாட்டி எடுத்து, கடைசியில் மீனோடு சோஸில் பிரட்டினால், சிலர் மீனைவிட அதைத்தான் கேட்டு வாங்குவார்கள்.

காரம் இல்லாமல் எப்படி என்று வீட்டில் கேட்பவர்கள் இருப்பார்கள். மீனில் மிளகாய்த்தூள் பூச வேண்டாம், அது சோஸில் கருகி நிறத்தையும் கெடுக்கும். ஒரு பச்சைக் கொச்சிக்காயை நீளமாகக் கீறிச் சோஸ் கொதிக்கும்போது போட்டு எடுத்தால் காரம் மெல்ல இறங்கும். அப்படியும் போதாவிட்டால் வெட்டின கொச்சிக்காயும் தேசிப்புளியும் பக்கத்தில் தனியாக வைத்துவிடுங்கள். மேலே வறுத்த எள்ளோ வெங்காயத்தாளோ தூவலாம், கட்டாயமில்லை.

ஆட்கள் கூடினால், மிச்சம் இருந்தால்

பத்துப் பன்னிரண்டு பேருக்கு என்றால் சோஸை மும்மடங்காகத் தனிப் பாத்திரத்தில் காய்ச்சி, பாதிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும்போது இறக்கி வையுங்கள். மீனை முதலில் எல்லாம் பொரித்துத் தட்டுகளில் ஒன்றின்மேல் ஒன்று படாமல் அடுக்குங்கள். பந்திக்கு இருக்கும் நேரம் நான்கு நான்காகச் சட்டியில் போட்டு, மூன்று நான்கு மேசைக்கரண்டி சோஸ் விட்டு மினுக்கி எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டிப் புரட்டினால் துண்டு துண்டாக உடைந்து மீன் பிரட்டல்தான் மிஞ்சும்.

காய்ச்சின சோஸ் மிஞ்சினால், மீன் படாதது மட்டும், சுத்தமான கண்ணாடிப் போத்தலில் ஆறவிட்டு பிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாராளமாக இருக்கும். கோழிக்கும் இறாலுக்கும் எடுக்கலாம். இறால் என்றால் சட்டியில் மொத்தமே மூன்று நிமிடம்தான். மீன் கிடந்த சோஸைத் திரும்பப் போத்தலில் ஊற்றாதீர்கள்.

மிஞ்சிய மீனைச் சமைத்து இரண்டு மணிநேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள், நம்ம ஊர் வெக்கைக்கு அதற்கும் முன்னரே வைப்பது நல்லது. அடுத்த நாள் திரும்பப் பொரித்தால் காய்ந்து கட்டையாகிவிடும். முள் நீக்கி உதிர்த்து, ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி போட்டுச் சிறுதீயில் நன்றாகச் சூடாக்கினால் போதும், பாணுக்குள் வைத்து வெள்ளரிக்காயோடு பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுக்கலாம்.